சந்தியாகப்பர் குதிரையும் பட்டன் கிளட்சும்

என் வீட்டுக்காரர் பிராங்கிளினுக்கு முடிவெடுப்பது மிகச் சுலபம். அவருடைய அண்ணன் இனிகோ எதை வேண்டாம் என்கிறாரோ அதைச் செய்வார். கிணற்றுக்கு எந்த மோட்டார், மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், தலைவலிக்கு எந்தத் தைலம் என்று எல்லாவற்றையும் இப்படித்தான் முடிவு செய்தார். இத்தனைக்கும் அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடமாகிவிட்டது. என் மாமியாரை அடக்கம் செய்த அன்று, குழியில் முதல் பிடி மண்ணை யார் போடுவது என்று ஆரம்பித்த சண்டை அது. மாமியாருக்கு ஓர் அவசரமும் இல்லை. இவர்களுக்குத்தான் இருந்தது.

பேச்சுவார்த்தை கிடையாது என்றால் பேசாமலே இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நடுவில் நான் இருந்தேன். இனிகோ மச்சான் எங்கள் வாசலில் நின்று, என்னைப் பார்த்துத் தம்பிக்குச் சொல்வார். இவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து அண்ணனுக்குப் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் ஒரு தடவை திருப்பிச் சொன்னால்தான் விஷயம் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்.

எங்கள் ஊர் அருளப்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற ரோட்டிலிருந்து விலகி உள்ளே வர வேண்டும். ஊருக்குப் பாதுகாவலர் சந்தியாகப்பர். வெள்ளைக் குதிரையில், கையில் வாளோடு, குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிற சுரூபம். ஆடிக் காற்று அடிக்கிற நாளில் திருவிழா. அன்று சாயங்காலம் அவரை டிரெய்லரில் கட்டிய சப்பரத்தில் ஏற்றி ஊர் சுற்றி இழுத்து வருவார்கள். இழுக்கிற வண்டியை யார் ஓட்டுகிறாரோ, அவருக்குக் கோயில் வாசலில் சாமியார் கையால் முதல் மாலை. என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மாலை இனிகோ மச்சானுக்கும் அவருடைய டிராக்டருக்கும்தான். பிராங்கிளின் ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் நின்று அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பார். அவருக்கு அந்த மாலை வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கு வழியும் பிறந்தது. எங்களுக்கு ஒரு லாரி உண்டு. கொடைக்கானலிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும். மலையில் ஓர் அமெரிக்கர் தன் பங்களாவைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பியபோது, கொட்டகையில் ஒரு காரை விட்டுவிட்டுப் போனார். அறுபத்தேழாம் வருடத்து மஸ்டாங். சிவப்பு நிறம், இடது பக்கம் ஸ்டியரிங், மூக்கில் ஓடுகிற குதிரைச் சின்னம். அந்தக் குதிரையைப் பார்த்த நிமிடமே என் வீட்டுக்காரருக்குச் சந்தியாகப்பர் ஞாபகம் வந்துவிட்டது. காரை வாங்கி, கேரட் மூட்டைகளுக்குப் பதிலாக லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் எங்கள் கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். "சந்தியாகப்பர் குதிரையில வாரார். என் கார்லயும் குதிரை இருக்கு. டிராக்டர்ல என்ன இருக்கு? சேறு." பேரவைத் தலைவர் ஞானராஜ் வாத்தியார் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி என்பதால் அது கிறிஸ்தவ வண்டியாகத்தான் இருக்கும் என்று கருத்துச் சொன்னார். சூசை சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓடுகிற வண்டியா என்று மட்டும் கேட்டார். அங்கேதான் சிக்கல். அந்த வண்டிக்குக் கிளட்ச் செத்துப்போயிருந்தது.

கிளட்ச் என்பது எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்துவைத்துப் பிரித்துவைக்கிற தட்டு. இந்தக் குடும்பத்தில் நான் பார்க்கிற வேலை. அதனால் அது சீக்கிரம் தேய்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

என் தம்பி ஜெரோம் சிகாகோவில் இருக்கிறான். ஜூன் மாதம் லீவில் வருவதாக இருந்தான். செம்பட்டி பூத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டேன். பெட்டியில் ஒரே ஒரு கிளட்ச்தான் வைக்க முடியும், மிச்ச இடம் முழுக்க அவன் பெண்டாட்டி சாக்லேட் அடுக்கியாகிவிட்டது என்றான்.

"ரெண்டு வகை இருக்குக்கா. ஒண்ணு சாதா லைனிங். மெதுவா வழுக்கி வழுக்கிப் பிடிக்கும், பெடல் லேசு. இன்னொண்ணு பட்டன் பிளேட்டு. ரேஸ் ஓட்டுறவங்க போடுறது. பெடல் பாறை மாதிரி இருக்கும். பிடிச்சா ஒரே பிடி, விட்டா ஒரே விடு. பிராங்கிளின் மச்சான் அந்தக் கார வச்சு என்ன செய்யப் போறாரு, அத மட்டும் கேட்டுச் சொல்லு."

"சப்பரம் இழுக்கப் போறாரு."



"சப்பரம் என்ன வேகத்துல போகும்?"

"செபாஸ்தியம்மாளும் மத்த கிழவிகளும் ஜெபமாலை சொல்லிக்கிட்டு முன்னால போவாங்க. அவங்க வேகத்துல."

"அப்ப சாதாதான்க்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

என் தம்பிக்குப் படிப்பு உண்டு, ஆனால் எங்கள் வீட்டைப் பற்றித் தெரியாது. யோசிக்க நிறைய இருந்தது. பிராங்கிளின் பேகம்பூரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிற நூர் அகமது பாயைப் போய்ப் பார்த்தார். பாய், "பட்டன்தான் சார். மலையே ஆனாலும் இழுத்துரும்" என்றார். மறுநாள் இனிகோ மச்சான் டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்கப் போய், பேச்சோடு பேச்சாக விசாரித்தார். பாய், "லைனிங்தாண்ணே. பூப்போல நகரும்" என்றார். மூன்றாவதாக நான் போய்ச் சண்டைக்கு நின்றேன். "எதப் போட்டாலும் நான்தானம்மா கழட்டி மாட்டணும்" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. அந்த மனுசனை என்ன சொல்வது!

அன்று சாயங்காலம் இனிகோ மச்சான் எங்கள் வாசலில் வந்து நின்றார். மாலை கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும் வந்தார். அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

"கிளாரா, என் டிராக்டர்ல இருக்கது பட்டன் பிளேட்டு. அது எப்படிப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். என்னுது பழகுன காலு, எனக்குச் சரி. புதுசா ஓட்டுறவனுக்கு வண்டி நடக்காது, குதிக்கும். சாமிய வச்சுக்கிட்டு விளையாட வேண்டாம். லைனிங் போடச் சொல்லு."

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. நான் திரும்பிச் சொல்வதற்கு முன்பே பிராங்கிளின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"கேட்டியா கிளாரா? அவரு பட்டன் போட்டு ஓட்டுவாரு, நான் மட்டும் லேசுப் பெடல மிதிக்கணுமாம். பொம்பளை மாதிரி. பட்டன்தான் கொண்டுவரச் சொல்லு உன் தம்பிய."

"அவரு சொல்றதுல நியாயம் இருக்குங்க."

"இருக்கட்டும். பட்டன்."

மறுபடி செம்பட்டிக்கு பஸ் ஏறினேன். ஜெரோம் இரண்டு தடவை, நிஜமாத்தானா என்று கேட்டான். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவனும் கல்யாண வீடுகளில் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறான்.

கிளட்ச் வந்தது, பாய் மாட்டினார். முதல்நாள் இவர் களத்தில் ஓட்டிப் பார்த்தார். வண்டி நின்ற இடத்திலிருந்து துள்ளியது, இருமியது, நின்றது. மறுபடி துள்ளியது. கோழிகள் எல்லாம் கூரைமேல். இவர் தலை நாலுமுறை காரின் கூரையில் இடித்தது. இறங்கி, இடது தொடையைப் பிடித்துக்கொண்டு, "அமெரிக்க வண்டின்னா இப்படித்தான். வேகத்துக்குப் பொறந்தது" என்றார். எனக்கு வேடிக்கையாக இல்லை, பயமாக இருந்தது. சந்தியாகப்பர் சரிந்து விழுந்தால் ஊர் எங்களைச் சும்மா விடாது.

திருவிழா வந்தது. காருக்குப் பின்னால் கொக்கி வெல்டிங் வைத்துச் சப்பரத்தை மாட்டினார்கள். டியூப்லைட், ஜெனரேட்டர், பேண்டு, முன்னால் ஜெபமாலைக் கிழவிகள். இவர் வெள்ளை வேட்டி சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. காலை எடுத்தார்.

வண்டி வெட்டி இழுத்தது. சப்பரம் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. சுரூபத்தின் பின்னங்கால்கள் மட்டும்தான் பலகையில் போல்ட் போட்டு முடுக்கியவை. அதனால் குதிரை முன்னால் பாய்ந்து, பின்னால் எழும்பி, மறுபடி பாய்ந்தது. சந்தியாகப்பரின் வாள் ஏறி ஏறி இறங்கியது. இவர் பதறிப்போய்க் காலை வைப்பதும் எடுப்பதுமாக இருக்க, குதிரை தெரு முழுக்க நாலுகால் பாய்ச்சலில் போனது.

செபாஸ்தியம்மாள்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள். ஜெபமாலை கையிலிருந்து நழுவியது. "ஐயோ, குதிரை பாயுது! சந்தியாகப்பரே! உயிரோட வாரீரே!"

அவ்வளவுதான். கூட்டம் அப்படியே ரோட்டில் முழங்காலிட்டது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார்கள். சூசை சாமியார் படித்தவர், மோட்டார்பைக் ஓட்டுகிறவர், அவருக்குக் கிளட்ச் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் ஊரே முழங்காலில் இருக்கும்போது அவர் ஒருவர் மட்டும் எப்படி நின்றுகொண்டிருப்பது? அவரும் முழங்காலிட்டார். காருக்குள் என் வீட்டுக்காரர் வேர்த்து ஊற்றி, செத்த நேரத்தில் அழுதுவிடுவார்போல உட்கார்ந்திருந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

கோயில் வாசலில் மாலை விழுந்தது. அழுகை போன இடம் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பித் திருப்பி எல்லாரையும் பார்த்தார், மாலை நலுங்கக் கூடாதாம். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

எனக்கு அது வேடிக்கையாகவே முடிந்திருக்கும், இனிகோ மச்சான் விஷயம் மட்டும் இல்லையென்றால். இத்தனை வருடம் டிராக்டர் இழுத்தபோது குதிரை ஏன் மரம்போல நின்றது என்று ஊர் யோசிக்க ஆரம்பித்தது. ஏதோ குறை இருக்கிறது அந்த வீட்டில் என்றார்கள். மச்சானின் பெண்டாட்டி சகாயராணி குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பூசையில் அவள் உட்காருகிற வரிசையில் இடம் காலியாகவே கிடந்தது. ஒருநாள் மச்சான் வாசலில் வந்து நின்றார்.

"கிளாரா, அது கிளட்சு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மச்சான்."

"ஊருக்குச் சொல்லு."

சொன்னேன். செபாஸ்தியம்மாளிடம் பட்டன் பிளேட்டைப் பற்றி, அது வெட்டிப் பிடிப்பதைப் பற்றி, கையில் இரண்டு தட்டுகளை வைத்து விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரி, அந்தக் கிளட்ச அமெரிக்காவுலருந்து இம்புட்டுத் தூரம் வரவச்சது யாரு? சந்தியாகப்பருதான?" என்றாள். தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். நத்தம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் காரைப் பார்க்க வந்தார்கள். பெடலைத் தொட்டுக் கும்பிட்டவர்களை என் கண்ணால் பார்த்தேன்.

இதற்கிடையில் பிராங்கிளினின் இடது முழங்கால் வீங்கிப்போனது. மாலை வாங்கின பெருமையில் தினமும் வண்டியை எடுத்துக் களத்தைச் சுற்றியதன் பலன். டாக்டர், இனி அந்தப் பெடலை மிதித்தால் காலை மறந்துவிடுங்கள் என்றார். சரி, லைனிங்கே மாட்டிவிடலாம் என்று இவர் மெல்ல இறங்கி வந்தார். பேரவை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கிளட்சில் யாரும் கைவைக்கக் கூடாது என்று ஞானராஜ் வாத்தியார் தீர்மானம் போட்டு, காரின் பானெட்டுக்கும் அடித்தட்டுக்கும் சேர்த்துச் சங்கிலி கட்டி, ஒரு மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டார். சாவி கோயிலில். சொந்தக் காரின் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றச் சாமியாரிடம் போய்ச் சாவி கேட்டு நின்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த வருடத் திருவிழா நெருங்கியது. யார் ஓட்டுவது? எங்கள் லாரி டிரைவர் சடையாண்டி ஒருதரம் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். "எங்க அய்யனாரு குதிரை மண்ணுல நிக்கிது. அதப் பாயச் சொல்லி நாங்க யாரும் கேக்கல. என்னைய விட்ருங்கம்மா" என்று கும்பிட்டார். பட்டன் கிளட்சுக்குப் பழகிய கால் ஊரில் ஒன்றுதான் இருந்தது.

"கிளாரா, என் வண்டிய அவரு தொடக் கூடாதுன்னு சொல்லு" என்றார் இவர்.

"அப்ப வண்டி கொட்டகையில நிக்கட்டும். சப்பரம் டிராக்டர்ல போகட்டும். சொல்லவா?"

நெடுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஓட்டச் சொல்லு. மாலை வண்டிக்குத்தான்னு சொல்லு."

இனிகோ மச்சான் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். "மாலை எனக்கு வேண்டாம். ஓட்டுறேன். ஒரு குலுக்கல் இல்லாம ஓட்டிக் காட்டுறேன். எது கிளட்சு, எது சந்தியாகப்பருன்னு ஊருக்கு ஒரே நாள்ல தெரியட்டும்."

எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தக் குடும்பத்தில் ஓர் ஆளுக்காவது முதுகெலும்பு இருக்கிறதே என்று மனசு நிறைந்துபோனது. சகாயராணியைப் போய்க் கட்டிக்கொண்டேன்.

சப்பரம் கிளம்பியது. மச்சான் சொன்னபடியே ஓட்டினார். அந்தப் பாறைப் பெடலை அவர் கால் எப்படி ஏமாற்றியதோ தெரியாது, சப்பரம் தண்ணீரில் மிதப்பதுபோல் போனது. குதிரை அசையவில்லை. முதல் தெருவில் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டாம் தெருவில் முணுமுணுப்புத் தொடங்கியது. பழனிப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்திருந்த ஒருவர், "ஏனுங்க, குதிரை பாயும்னு சொன்னீங்களே?" என்று ஞானராஜ் வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் கைக்குட்டையைத் தேடினார்.

"டிராக்டர்காரன் உக்காந்ததும் நின்னுபோச்சு பாரு" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். செபாஸ்தியம்மாள் நடுரோட்டில் உட்கார்ந்து, "எங்களக் கைவிட்டுட்டீரா?" என்று அழ ஆரம்பித்தாள். என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த சகாயராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மச்சான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். ஊருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கிளட்ச் என்று யாரும் நினைக்கவில்லை. பாவம் என்று நினைத்தார்கள். அவருடைய பாவம்.

பிராங்கிளின் கம்பு ஊன்றிக்கொண்டு காரின் இடது பக்கம் நடந்து வந்தார். அவருக்கும் உறைத்தது. குதிரை பாயவில்லையென்றால் காருக்கு மதிப்பில்லை, அடுத்த வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள். என்னைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நான் கூட்டத்தில் நாலடி தள்ளி இருந்தேன். வரட்டும் என்று நானும் நகரவில்லை. அவர் குனிந்து ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"அண்ணே, காலப் படக்குன்னு எடு."

மாமியாரைப் புதைத்த நாளுக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு.

இனிகோ மச்சான் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீ போன வருசம் எப்படி எடுத்த?"

"பயத்துல எடுத்தேண்ணே. பாதி எடுத்து, பதறி மறுபடி வைக்கணும். வச்சு வச்சு எடுக்கணும். பார்த்து ஓட்டக் கூடாது."

மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன். எடுத்துவிட்டார். படக்கென்று எடுத்தார்.

குதிரை துள்ளியது. போன வருடத்தைவிட உயரம். கூட்டத்தின் சத்தத்தில் ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லை. செபாஸ்தியம்மாள் எழுந்து ஆடினாள். பழனி வேன்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சகாயராணி இரண்டு கையையும் விரித்து, "என் புருசன் கையில பாயுதே!" என்று கதறினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு வருடமாகத் தனியாக உட்கார்ந்தவள். மாலையைச் சாமியார் நீட்டியபோது, வேண்டாம் என்று சொன்ன மனிதர் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கம்பை ஊன்றி நின்ற பிராங்கிளின் தான்தான் மாலை வாங்கியதுபோலக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் இனிகோ மச்சான் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். காலை எந்த இடத்தில் விட வேண்டும், வளைவில் எத்தனை துள்ளல் தாங்கும் என்று தொண்டை வறளப் பேசினார்கள். பழக்கதோஷத்தில் மச்சான் சொன்னதை நான் இவரிடம் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"கிளாரா," என்றார் மச்சான், சோற்றைப் பார்த்துக்கொண்டே. "ஜெரோமுக்கு ஒரு போன் போடு. இதவிடக் கடுசான பிளேட்டு இருக்கான்னு கேளு."

"மச்சான், நீங்கதான வேண்டாம்னீங்க? குதிக்கும்னு சொன்னது நீங்கதான? சாமிய வச்சு விளையாடாதீங்கன்னு..."

"ஏத்தா, வெஞ்சனம் வையி" என்றார் மச்சான், பொரியல் தீர்ந்துபோன இலை ஓரத்தைக் காட்டி.

"வெஞ்சனம் வையி கிளாரா" என்றார் இவரும்.

இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும் என்று வருடாவருடம் சந்தியாகப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி அழுதவள் நான். பேசிவிட்டார்கள். கரண்டியை ஓங்கி எறிய வேண்டும்போல இருந்தது. இரண்டு இலைக்கும் வெஞ்சனம் வைத்தேன்.